கண்ணின் பின்புற அழற்சி: வலிக்காமல் பார்வையைப் பறிக்கும் நோயும் அதன் சிகிச்சையும்



கண் நோய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை மூன்று. கண் சிவந்து பீளை தள்ளும் மெட்ராஸ் ஐ, பெரியவர்களுக்கு வரும் புரை, சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கண் நரம்புப் பாதிப்பு. இந்த மூன்றிலும் சேராத ஒரு நோய் இருக்கிறது. அது உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயதில்தான் அதிகம் வருகிறது. பல நேரங்களில் கண் சிவப்பதில்லை, வலிப்பதும் இல்லை. பார்வை மட்டும் மெல்ல மங்கும். அதுதான் கண்ணின் பின்புறத்தில் வரும் நாள்பட்ட அழற்சி. மருத்துவர்கள் இதை 'யுவைட்டிஸ்' என்பார்கள்.

இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆனாலும் பலர் பார்வையை இழக்கிறார்கள். தாமதமாகப் போவதும், கொஞ்சம் தெளிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். இரண்டையும் தடுப்பது குடும்பத்தாரின் கையில் இருக்கிறது. அதற்காகவே இந்த மாதப் பாடம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கொசு கடித்த இடம் சிவந்து வீங்குகிறதல்லவா? உடம்பின் காவல் படை அங்கே ஓடி வந்ததற்கான அடையாளம் அது. அதைத்தான் அழற்சி என்கிறோம். தோலில் வந்தால் ஓரிரு நாளில் வடுவில்லாமல் ஆறிவிடும். கண்ணின் உட்புறம் அப்படிப்பட்ட இடமல்ல.

கண்விழியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே வெள்ளைப் படலம். உள்ளே, காட்சியைப் பதிவுசெய்யும் விழித்திரை. இரண்டுக்கும் நடுவில் இரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் அடுக்கு. விழித்திரையின் வெளிப்பகுதிக்கு ஊட்டம் தருவது இந்த நடு அடுக்குதான். இதன் பின்பகுதியிலோ, அதையொட்டிய விழித்திரையிலோ அழற்சி வந்தால் பார்வையின் மையமே நனைந்து வீங்குகிறது. வீக்கம் வந்து வந்து போனால் வடு விழும். விழித்திரையில் விழுந்த வடுவைக் கண்ணாடி போட்டும் சரிசெய்ய முடியாது, அறுவை செய்தும் சரிசெய்ய முடியாது. வடு விழுவதற்கு முன் அழற்சியை அடக்குவதுதான் சிகிச்சையின் நோக்கம்.

எந்த அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்?

கண்முன் கொசு பறப்பதுபோலப் புள்ளிகள் புதிதாகத் தெரிவது. புகை மூட்டம் போல மங்கல். நேர்கோடு வளைந்து தெரிவது. நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. வெளிச்சத்தில் கண் கூசுவது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் மற்றக் கண்ணில் குறை தெரிவது. இவற்றில் எது புதிதாக வந்தாலும் ஓரிரு நாளில் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்வை திடீரென்று குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

பிள்ளைகள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் படிப்பதும், மத்ரஸாவில் குர்ஆன் ஓதும்போது வரி தவறுவதும் பார்வைக் குறையால் இருக்கலாம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லிச் சோதியுங்கள்.

இலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். அவை கண்ணின் பின்புறத்தை எட்டுவதே இல்லை. முன்புறத்தில் கிருமித் தொற்றை உண்டாக்கிப் புதிய சிக்கலைத்தான் கொண்டுவரும்.

முதல் வேலை, காரணத்தைத் தேடுவது

இந்த நோய்க்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று கிருமி. மற்றொன்று, உடம்பின் காவல் படையே வழி தவறித் தன் கண்ணைத் தாக்குவது. இரண்டையும் பிரித்தறியாமல் மருந்து கொடுத்தால் ஆபத்து. காவல் படையை அடக்கும் மருந்தைக் கிருமி இருக்கும் உடம்பில் கொடுத்தால், கிருமி தலைவிரித்து ஆடும்.

நம் நாட்டில் காசநோய் இதற்கு ஒரு முக்கியக் காரணம். நுரையீரலில் காசநோய் வெளிப்படாமலே கண்ணில் அழற்சி வரலாம். பூனையின் கழிவாலும் சரியாக வேகாத இறைச்சியாலும் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் விழித்திரையையே புண்ணாக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலும் கண்ணைத் தாக்கும். இதற்கு மதுரையே சாட்சி. 1993-ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே பெருவெள்ளம் வந்தது. அதையடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் அழற்சியோடு வருபவர்கள் வழக்கத்துக்கு மாறாகக் கூடினார்கள். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் அவருடைய குழுவினரும் காரணத்தைத் தேடி, எலிக்காய்ச்சல் கிருமிதான் என்று கண்டறிந்து வெளியிட்டார்கள். வயலிலும் ஓடையிலும் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்யும் நம் மக்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன் காய்ச்சல் வந்திருந்தால் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கிருமி இல்லாத வகைகளில் இரண்டைத் தெரிந்துகொள்வோம். ஒன்று, இரு கண்ணும் மங்கி, கடும் தலைவலியும் காதில் இரைச்சலும் வந்து, பின்னாளில் தோலிலும் கண்ணிமை முடியிலும் வெண்மை படரும் வி.கே.ஹெச். நோய். இந்தியாவில் இது அரிதல்ல. மற்றொன்று, வாயிலும் பிறப்புறுப்பிலும் திரும்பத் திரும்பப் புண் வந்து கண்ணையும் தாக்கும் பெஹ்செட் நோய். துருக்கியைச் சேர்ந்த ஹுலூசி பெஹ்செட் என்ற தோல் மருத்துவர் 1937-இல் இதை விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. இதைப்போல மறைவான இடத்துப் புண்ணைச் சொல்ல வெட்கப்படுவதால் நோய் பிடிபடாமல் போகிறது. மருத்துவரிடம் சொல்வதில் வெட்கம் வேண்டாம். பெண்கள் பெண் மருத்துவரிடம் கேட்டுச் சொல்லலாம்.

கண்ணுக்காகப் போனவரிடம் மார்பு எக்ஸ்ரே எடு, இரத்தம் கொடு, தோலில் ஊசி போட்டுக் காசநோய் பார் என்று சொன்னால், வீண் செலவு என்று எண்ணாதீர்கள். காரணத்தைத் தேடுகிறார்கள்.

ஸ்டீராய்டு: காக்கும், அளவு மீறினால் கெடுக்கும்

கிருமி இல்லை என்று உறுதியானதும் பெரும்பாலும் முதலில் தருவது பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. சொட்டு மருந்து கண்ணின் முன்புறத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பின்புறத்துக்கு மாத்திரை வேண்டும், அல்லது கண்ணைச் சுற்றியோ கண்ணுக்குள்ளோ ஊசி வேண்டும். ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும். சில நாட்களிலேயே பார்வை தெளியத் தொடங்கலாம்.

ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கேரளத்துத் தோட்ட வேலைக்குப் போன தகப்பனுக்குக் கண் மங்குகிறது. பெரிய மருத்துவமனையில் மாத்திரை தருகிறார்கள். இரண்டு வாரத்தில் தெளிவாகத் தெரிகிறது. "சரியாகிவிட்டது, எதற்கு இன்னும் மாத்திரை" என்று நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறார். இரண்டு மாதத்தில் மறுபடியும் மங்குகிறது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறார். தெளிகிறது, நிறுத்துகிறார். இப்படியே இரண்டு வருடம். ஒவ்வொரு முறையும் விழித்திரையில் ஒரு வடு. மாத்திரையால் சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது, புரை விழுகிறது, கண் அழுத்தம் கூடிக் கண் நரம்பு தேய்கிறது. நோய் பாதி, மருந்து பாதி என்று பார்வை போகிறது.

ஆகவே இரண்டு விதிகள். ஸ்டீராய்டை மருத்துவர் சொல்லாமல் தொடரக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது. பல வாரங்கள் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காமல் வாந்தி, மயக்கம், உயிராபத்து வரை போகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மதுரையிலிருந்து உலகுக்குப் போன பதில்

ஸ்டீராய்டை நெடுநாள் அதிக அளவில் கொடுக்க முடியாது. நோயோ நெடுநாள் நீடிக்கிறது. அப்படியானால் என்ன செய்வது? ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் வேறு மருந்துகள் உண்டு. அவற்றில் அதிகம் பயன்படுபவை மெதோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட் இரண்டும். முதலாவது பழையது, விலை குறைந்தது. இரண்டாவது விலை கூடியது, அதுதான் சிறந்தது என்று பல மருத்துவர்கள் எண்ணியிருந்தார்கள்.

எது மேல் என்று சோதித்துப் பார்த்ததில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில் அரவிந்த் மருத்துவமனைகளில் 80 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்து 2014-இல் வெளியானது. பிறகு டாக்டர் ரத்தினமும், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாக்டர் நிஷா ஆச்சார்யாவும் சேர்ந்து பெரிய ஆய்வை நடத்தினார்கள். இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, மெக்சிகோ ஆகிய 5 நாடுகளில் 9 மையங்கள், 216 நோயாளிகள். பாதிப் பேருக்கு வாரம் 25 மி.கி. மெதோட்ரெக்ஸேட், மீதிப் பேருக்குத் தினமும் 3 கிராம் மைக்கோஃபினோலேட். ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 7.5 மி.கி. அல்லது அதற்கும் கீழே குறைத்த பிறகும், 6-ஆவது மாதத்தில் இரு கண்ணிலும் அழற்சி அடங்கியிருந்தால்தான் வெற்றி என்று கணக்கு வைத்தார்கள்.

முடிவு 2019-இல் வந்தது. மெதோட்ரெக்ஸேட் எடுத்தவர்களில் நூற்றுக்கு சுமார் 67 பேருக்கும், மைக்கோஃபினோலேட் எடுத்தவர்களில் சுமார் 57 பேருக்கும் வெற்றி. மொத்தமாகப் பார்த்தால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் விலை கூடிய மருந்து மேல் அல்ல என்பது தெளிவாயிற்று. கண்ணின் பின்புறத்திலோ கண் முழுவதுமோ அழற்சி இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மெதோட்ரெக்ஸேட்டில் 74 பேருக்கும் மற்றதில் 55 பேருக்கும் வெற்றி கிடைத்திருந்தது.

ஏழைக் குடும்பத்துக்கு இது நல்ல செய்தி. விலை குறைந்த மருந்து தருகிறார்களே என்று மனம் சுருங்க வேண்டாம். இந்த மருந்து உருவான கதையிலும் நம் பக்கத்துத் தொடர்பு இருக்கிறது. ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை ஏற்றிருந்த ஆய்வுக் கூடத்தில்தான் 1940-களில் மெதோட்ரெக்ஸேட் உருவானது.

இதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மெதோட்ரெக்ஸேட் எடுத்த மூவரில் ஒருவருக்கு அது போதவில்லை. அவர்களுக்கு மருந்தை மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்த படியாக அடாலிமுமாப் என்ற ஊசி உண்டு. கிருமியால் வராத யுவைட்டிஸுக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது. விலை அதிகம். உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடக் கூடியது என்பதால் காசநோய்ச் சோதனை முடிந்த பிறகே போடுவார்கள். ஆகவே முதல் மருந்து கேட்கவில்லை என்றால் நம்பிக்கை இழந்து வீட்டிலிருந்துவிடாதீர்கள். இன்னும் படிகள் இருக்கின்றன.

வாரம் ஒருமுறை: உயிர் காக்கும் கவனம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் இரத்த அணுக்கள் குறைந்து, வாயும் குடலும் புண்ணாகி, உயிரே போகலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜும்ஆ நாள் என்று வைத்துக்கொண்டால் நம் வீடுகளில் மறக்காது. மாத்திரை அட்டையைத் தனி டப்பாவில் வைத்து, வீட்டில் ஒருவர் மட்டும் எடுத்துக் கொடுங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையைச் சொன்ன நாளில் தவறாமல் கொடுங்கள்.

சொன்ன நாளில் இரத்தச் சோதனை செய்ய வேண்டும். ஈரலும் இரத்த அணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே அது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத் திணறல், கண் மஞ்சளாவது ஆகியவை வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். வேறு நோய்க்காக எங்கே போனாலும் இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கோட்ரைமாக்ஸசோல் என்ற சாதாரணக் கிருமி மருந்துகூட இதோடு சேர்ந்தால் பேராபத்து.

கருவுற்ற பெண்கள் மெதோட்ரெக்ஸேட்டும் மைக்கோஃபினோலேட்டும் எடுக்கவே கூடாது. சிசுவுக்குக் கேடு. கணவனோ மனைவியோ இந்த மருந்தில் இருந்தால், குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே இருவருமாக மருத்துவரிடம் பேசுங்கள்.

இலவசப் புரை அறுவை முகாமுக்குப் போகும்போதும் கவனம் வேண்டும். யுவைட்டிஸ் வந்த கண்ணில் அழற்சி சுமார் 3 மாதமாவது முழுதாக அடங்கியிருந்தால்தான் புரை எடுப்பது நல்லது. பழைய சீட்டுகளை முகாம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்க்கம் சார்ந்த சில கேள்விகள்

"ஓதிப் பார்த்தால் போதாதா?" ஓதுவதும் துஆ செய்வதும் நமக்கு உரியவை. அதோடு மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவரும் நபி (ஸல்) அவர்கள்தான். அல்லாஹ் நோயைத் தந்தபோது அதற்கான நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்பது அவர்கள் கற்றுத்தந்த நம்பிக்கை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன பாடமும் நமக்குத் தெரியும்.

"நோன்பில் சொட்டு மருந்து விடலாமா?" கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறியாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலை. மாத்திரைகளின் நேரத்தை ஸஹர், இஃப்தாருக்கு ஏற்ப மாற்ற முடியுமா என்று ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அதிக அளவு ஸ்டீராய்டில் இருப்பவருக்கு நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்று, குணமான பிறகு களாச் செய்வது மார்க்கத்தை மீறுவதாகாது. நோன்புக்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் தவறு.

"கேப்சூல் ஜெலட்டினால் ஆனதாமே?" மைக்கோஃபினோலேட் கேப்சூலாகவும் வருகிறது, மாத்திரையாகவும் வருகிறது. மாத்திரையாகத் தரும்படி கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை மருந்தை நிறுத்தாமல் நம் பள்ளி இமாமிடம் விளக்கம் பெறுங்கள். கண் ஊசிக்குப் பிறகு தண்ணீர் படக் கூடாது என்றால் உளூவுக்கு என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கரியாலூரிலிருந்து எங்கே போவது?

கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி, முதலில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டலாம். கண்ணின் பின்புற அழற்சி என்று தெரிந்தால் இதற்கென்றே தேர்ந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்குகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆதார், பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் சொட்டு விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம் மங்கலாகத் தெரியும். தனியாகப் போகாதீர்கள்.

இந்த நோய்க்குப் பெரிய செலவு மருந்தைவிடத் திரும்பத் திரும்பப் போய்வரும் பஸ் செலவும், இழக்கும் நாள் கூலியும்தான். அதனால்தான் மூன்றாவது தவணையிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி யாராவது நின்றிருந்தால் அறக்கட்டளைக்குச் சொல்லுங்கள். ஸதகாவும், தகுதியுள்ள ஏழைகளுக்கு ஜகாத்தும் இதற்குச் செலவாவதைவிடச் சிறந்தது எது? அண்டை வீட்டார் எந்த சமுதாயத்தவராக இருந்தாலும், மலைவாழ் மக்களாக இருந்தாலும், இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். பெண்களின் மறுபரிசோதனை நாளன்று உடன் போக ஆளில்லை என்று தள்ளிப்போகிறது. கணவரும் சகோதரரும் மகனும் அந்த ஒரு நாளை ஒதுக்கிக்கொடுக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் பார்வை திரும்பாதவர்கள் உண்டு. அவர்களை வீட்டுக்குள் ஒதுக்கி வைக்காதீர்கள். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னவர். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் தம் பொறுப்பை அவரிடம் விட்டுச் சென்றிருக்கிறார்கள். கண்களை இழந்து பொறுமை காத்தவருக்குச் சொர்க்கம் உண்டு என்பதும் நமக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் யாராவது மெடிக்கலில் தாமாக வாங்கி ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்களா?
2. தினமும் சாப்பிடும் மருந்து எது, வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்து எது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியுமா?
3. பிள்ளைகளின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்தோமா?
4. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர் நமக்குத் தெரிந்து யார்? இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போக முடியுமா?

அல்லாஹ் நம் எல்லோருக்கும் கண்ணிலும் கல்பிலும் ஒளியைத் தந்தருள்வானாக. நோயுற்றவர்களுக்கு முழு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.